பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே

அவிநாசிபாளையம்
3 மார்ச் 2025, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சூப்பர்வைசர் வேல்குமாரின் வலது கண்ணில் இனிப் பார்வை வராது. கண் மருத்துவமனை கொடுத்த சான்றை உதவி ஆய்வாளர் அம்மா இன்று காலை பத்தரை மணிக்கு எனக்குப் படித்துக் காட்டினார். இடது கண்ணுக்குக் குறையில்லை என்றும் அதே தாளில் இருக்கிறது. கண்ணையே எடுத்துவிட்டார்கள் என்று உன்னோடு தைக்கிற மருதாள் அக்கா உங்கள் தையல் லைன் முழுக்கச் சொல்லி வருவது சரியல்ல. கண் இருக்கிறது. பார்வை இல்லை.

போனில் பேசினால் பதிவாகும் என்று உன் வக்கீல் தடுத்துவிட்டதால் எழுதுகிறேன். வழக்கு முடியும்வரை நீ பந்தல்குடியில் சித்தி வீட்டில் இருந்து தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், சாட்சிகளோடு பேசக்கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. நான் சாட்சி. கடிதமும் பேச்சுதான். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உதவி ஆய்வாளர் அம்மாவுக்கு எங்கள் பெயிண்ட்பால் மைதானத்தில் இருப்பது என்ன துப்பாக்கி என்பதையே அரைமணி நேரம் விளக்க வேண்டியிருந்தது. கரியமில வாயு பாட்டிலின் அழுத்தத்தில், சாயம் அடைத்த ஜெலட்டின் உருண்டையைத் தள்ளும். உடம்பில் பட்டால் கன்றிப்போகும். முகமூடி இல்லாத கண்ணில் பட்டால் கண் போகும். எல்லாம் கேட்டுவிட்டு, “வெளையாட்டுச் சாமானம்னு போர்டு வெச்சிருக்கீங்க. மனுசனுக்குக் கண்ணு போயிருக்குதுங்களே தம்பி” என்றார். பிறகு ஒரே கேள்வி கேட்டார்: “அது தானா வெடிச்சுதா, உங்க அக்கா சுட்டாங்களா?”

இதற்கு நான் 26-ம் தேதி புதன்கிழமை எழுத்தில் வாக்குமூலம் தர வேண்டும். அந்த மைதானத்துத் துப்பாக்கிகளைப் பிரித்து மாட்டுகிறவன் நான் ஒருவன்தான். தானாக வெடித்தது என்றால் அது விபத்து, பராமரிப்புக் குறை. நீ சுட்டாய் என்றால் வேண்டுமென்றே கொடுங்காயம். இரண்டுக்கும் நடுவே உனக்குப் பல வருடச் சிறை இருக்கிறது.

எனக்குத் தெரிந்தவை இவை. பிப்ரவரி 9, ஞாயிறு. உங்கள் அருள்புரம் பனியன் கம்பெனி ஹெச்.ஆர். நாற்பத்திரண்டு பேரை இங்கே அழைத்து வந்தார். 12.20-க்கு உங்கள் ஓவர்லாக் லைனும் சூப்பர்வைசர்களும் எதிரெதிராக இறங்கினீர்கள். ஏழாம் எண் துப்பாக்கியை நீ என் கையிலிருந்து வாங்கினாய். மருதாள் அக்கா எடுத்த வீடியோவில் டயர் சுவருக்குப் பின்னாலிருந்து விடாமல் பதினெட்டு சத்தம். பிறகு நிற்கிறது. ஏறத்தாழ நான்கு வினாடி. பிறகு ஒரே ஒரு சத்தம். அப்புறம் அலறல்.

எனக்குத் தெரியாதது அந்த நான்கு வினாடி. எழுது.

முனீஸ்


பந்தல்குடி
7 மார்ச்

தம்பி முனீசுக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஸ்டேஷனில் எப்படி நடத்துகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. பேப்பர்காரன் மாதிரி தேதியும் மணியும் எழுதியிருக்கிறாய். நானே சொல்கிறேன். காலை பத்து மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறேன். ஏட்டய்யா நோட்டைத் தள்ளிவிட்டு, “ஏத்தா, நீதான அந்தச் சாயத் துப்பாக்கிக்காரி? வெளிய பாத்து நில்லு தாயி, எனக்கு இருக்கது ரெண்டு கண்ணுதான்” என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். முதல் நாள் நானும் சிரித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில்: தானாகத்தான் வெடித்தது. அப்படித்தான் நீ எழுதிக் கொடுக்க வேண்டும்.

மற்றதை நான் மறைக்கவில்லை. வேல்குமாரை நான் தேடித்தான் போனேன். ஜனவரியில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஆயில் கறை என்று செக்கிங்கில் திரும்பி வந்த இருபத்திரண்டு பீஸைக் கயிறு போட்டுக் கட்டி என் முகத்தில் எறிந்தான். மிஷின் ஒழுகுகிறது என்று நான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டின் முடிச்சு உதட்டில் பட்டுக் கிழிந்தது. இரண்டு தையல். ஹெச்.ஆர். ரூமில் டீ கொடுத்து “சமாதானமாப் போயிருங்க” என்றார்கள். ஒரு மாதம் கழித்து அதே ஹெச்.ஆர்., சிரித்துப் பேசிப் பழக வேண்டும் என்று எங்கள் எல்லோர் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்தார்.

டயர் சுவருக்குப் பின்னால் அவன் தனியாக மாட்டினான். “அடிங்க்கா, இன்னைக்கு டார்கெட்டு நமக்குத்தேன்” என்று மருதாள் கத்தினாள். பத்தடிக்குள் சுடக்கூடாது என்று நீ காலையில் சொன்னது நினைவிருந்தது. நான் பன்னிரண்டு அடியில் நின்றேன் என்று பிறகு டேப் பிடித்துப் பார்த்துச் சொன்னார்கள். நெஞ்சு, தொண்டை, தொடை, கை. அவன் குனிந்தான், முதுகில் அடித்தேன். கையைத் தூக்கினான், அக்குளில் அடித்தேன். மஞ்சள் சாயம் அவன் கழுத்திலிருந்து வழிந்தது. பதினெட்டும் எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் சனியன் நின்றுபோனது. அவன் முகமூடியைத் தூக்கினான். அது வெடித்தது. அவ்வளவுதான்.

“இது நல்லா ஓடும்க்கா” என்று சொல்லி அந்தத் துப்பாக்கியை என் கையில் வைத்தவன் நீ. இப்போது நான்கு வினாடிக்குக் கணக்குக் கேட்கிறாய்.

இதைப் படித்ததும் எரித்துவிடு.

அபிராமி


அவிநாசிபாளையம்
12 மார்ச், புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

துப்பாக்கி நின்றதற்குக் காரணம் நான். நேற்று மதியம் இரண்டு மணிக்கு அது உறுதியானது. பார்த்தவர்கள் நானும் மைதான முதலாளி நஞ்சப்பன் அண்ணனும்.

ஏழாம் எண்ணை ஸ்டேஷனில் சாக்கில் கட்டி அரக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் அதோடு ஒரே பெட்டியில் வந்த ஒன்பதாம் எண்ணை எடுத்தேன். இரண்டையும் ஒரே நாளில், ஒரே எண்ணெய் போட்டு மாட்டியவன் நான்.

வேகமாகச் சுடும்போது இது நிற்கச் சில காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தேன். மேலே இருக்கும் கிண்ணத்தில் உருண்டைகள் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டு இறங்காமல் போகலாம். அப்படியானால் விசையை இழுத்ததும் வெறுங்காற்று, சுடுகிற சத்தத்துக்குக் குறையாமல் சீறும். வீடியோவில் சீறல் இல்லை. உருண்டை உள்ளேயே உடைந்து அப்பிக்கொள்ளலாம். அன்று போலீசார் எடுக்கும் முன் அவர்கள் கண்ணெதிரே குழலுக்குள் துணி விட்டு இழுத்தேன்; சாயம் இல்லை. அடுத்தது குளிர். வாயு வேகமாக வெளியேறினால் பாட்டில் ஜில்லிட்டு அழுத்தம் இறங்கிவிடும். வினாடிக்கு ஐந்து வீதம் சுட்டேன். பதினேழில் நின்றது. பாட்டில் குளிர்ந்திருந்தது, ஆனால் உறைபனி படரவில்லை. புதுப் பாட்டில் மாட்டினேன். இருபதில் நின்றது. இன்னொன்று, பத்தொன்பது. வினாடிக்கு ஒன்று என்று நிதானமாகச் சுட்டால் நூறு வரை நிற்கவே இல்லை. ஆகவே பாட்டில் அல்ல. வேகத்தில் மட்டும் உள்ளே ஏதோ பிடிக்கிறது.

பிரித்தேன். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் உப்பியிருந்தன. புது வளையத்தை அருகில் வைத்தபோது பார்வைக்கே தெரிந்தது. அவற்றுக்கென்று வரும் எண்ணெய் டிசம்பரில் தீர்ந்துபோனது. சென்னையிலிருந்து வரும்வரை, வீரபாண்டியில் நான் ஃபிட்டராக இருந்த நிட்டிங் கம்பெனியிலிருந்து, பின்னல் ஊசிகளுக்குப் போடும் நீடில் ஆயில் வாங்கி வந்து போட்டேன். துணியில் பட்டாலும் அலசினால் போய்விடும் எண்ணெய். விளையாட வருகிறவர்கள் சட்டையில் ஆயில் கறை விழுந்துவிடக் கூடாது என்று பார்த்தேன். ஆறு வருடம் நிட்டிங்கில் இருந்தவனுக்குக் கறைதான் முதல் பயம். ரப்பர் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. “கறைக்குப் பயந்து கண்ணத் தொலச்சிட்டீங்களே தம்பி” என்றார் நஞ்சப்பன் அண்ணன்.

இது வரை என் தவறு. 26-ம் தேதி இதைச் சொல்லத்தான் போகிறேன்.

ஆனால் அக்கா, அது நிற்கிற விதத்தைக் கேள். ஒவ்வொரு உருண்டை போனதும் வாயுவே உள்ளே இருக்கும் சுத்தியைப் பின்னுக்குத் தள்ளிக் கொக்கியில் மாட்டும். வளையம் பிடித்தால் சுத்தி கொக்கி வரை போகாமல் முன்னாலேயே நின்றுவிடும். அதன்பிறகு விசையை எத்தனை முறை இழுத்தாலும் செத்த கட்டை. பின்கைப்பிடியைக் கையால் இழுத்து ‘டக்’ என்று மாட்டினால்தான் அடுத்தது போகும். காலையில் உங்கள் எல்லோருக்கும் இதைச் செய்து காட்டினேன்.

தானாகப் போகுமா என்றும் பார்த்தேன். நின்ற நிலையில் இடுப்பு உயரத்திலிருந்து கல்லில் பத்து முறை போட்டேன். மேசையில் அறைந்தேன். ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தேன். முப்பது முயற்சியில் இரண்டு முறை அசைந்தது. சுத்தி கொக்கியில் மாட்டாமல் தானே துள்ளியது. இரண்டு முறையும் உருண்டை ஆறடியில் மண்ணில் விழுந்து உருண்டது. உடையக்கூட இல்லை. வேல்குமார் நின்றது பன்னிரண்டு அடி. அவர் புருவ எலும்பில் பட்டு அது உடைந்திருக்கிறது. எலும்பில் கீறல் என்று சான்றில் இருக்கிறது.

தானாகத் துள்ளிய உருண்டை அவ்வளவு தூரம் போகாது. போனாலும் அப்படி உடையாது.

கைப்பிடியை இழுத்தாயா?

முனீஸ்

பின்குறிப்பு: உன் கடிதத்தை எரிக்கவில்லை. சாப்பிட்டேன். தூக்கம் சரியில்லை.


பந்தல்குடி
16 மார்ச்

முனீசு,

ஸ்டேஷனில் கேட்காத கேள்வியை எல்லாம் நீ கேட்கிறாய்.

பதினொரு வருடம் ஓவர்லாக் ஓட்டியவளின் கையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? மூன்று வருடத்துக்கு முன் ஊசி என் ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கி உள்ளேயே முறிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளையரால் பிடுங்கிப் போட்டுவிட்டு, புது ஊசி மாட்டி, நூல் கோத்து, கையிலிருந்த துணிக்கட்டை முடித்துவிட்டேன். பக்கத்து மிஷின்காரி கத்திய பிறகுதான் விரலைப் பார்த்தேன். ஒன்பது பீஸ் ரத்தக் கறை என்று திரும்பி வந்தது. மிஷின் நின்றால் அதை ஓட்டவேண்டும் என்பது என் தலைக்குத் தெரிவதற்கு முன் என் கைக்குத் தெரியும். எங்களை அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். நிற்பதற்கு அங்கே நேரம் கிடையாது.

கை இழுத்திருக்கும். நீ காலையில் காட்டியதைக் கை பிடித்துக்கொண்டிருக்கும். நின்றது, இழுத்தது, ஓட்டியது. அதை நான் செய்தேன் என்று எப்படிச் சொல்வது?

எண்ணெய் உன் தப்பு என்று நீயே ஒத்துக்கொள்கிறாய். பாதி ஒத்துக்கொள்கிறவன் மீதியையும் ஒத்துக்கொண்டால் என்ன? ‘கோளாறான துப்பாக்கி, அது எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது’ என்று ஒரு வரி. உனக்கு அபராதமோ எச்சரிக்கையோ. எனக்கு ஜெயில். கூடப் பிறந்தவளைவிட ஒன்பதாம் நம்பர் இரும்பு உனக்கு உசத்தியாகப் போய்விட்டது. முப்பது முறை அதைப் போட்டும் அறைந்தும் பார்த்திருக்கிறாய். அதில் ஒரு முறையாவது, அது தானாக வெடித்துவிடாதா என்று ஆசைப்பட்டாயா?

இனி எழுதாதே. 26-ம் தேதி பேசு.

அபிராமி


அவிநாசிபாளையம்
21 மார்ச், வெள்ளி

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும். வலது கையில் இரண்டு விரல் முறிந்திருக்கிறது. மோதிர விரலும் நடுவிரலும். நேற்று எக்ஸ்ரே எடுத்த டாக்டர் சொன்னது.

நேற்று வியாழன், காலை 11.15. மூன்று பேர் மைதானத்துக்கு வந்தார்கள். ஒருவன் வேல்குமாரின் மச்சினன் நிதிஷ். மற்ற இருவரை எனக்குத் தெரியாது. நான் அலமாரி அருகே துப்பாக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிதிஷ் கும்பிட்டான். “ஏனுங்க முனீசு, இது வெளையாட்டுச் சாமானந்தானுங்க? எங்க மாமனுக்கு எப்படி வலிச்சுதுன்னு ஊட்டுல அக்கா கேட்டுட்டே இருக்குது. நீங்க ரிப்பேர்க்காரர், கரெக்ட்டாச் சொல்லுவீங்க. சட்டையக் கழட்டிப்போட்டு அந்தச் செவுத்துப் பக்கம் நில்லுங்க” என்றான். மறுத்தேன். ஒருவன் வயிற்றில் உதைத்தான். மற்றவன் சட்டையைக் கிழித்தான்.

ஒன்பதையும் பதினொன்றையும் எடுத்துக்கொண்டார்கள். நான்கடி தூரம். முதலில் வயிறு. பிறகு விலா, மார்க்காம்பு, கழுத்து. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குந்திவிட்டேன். முதுகில் அடித்தார்கள். முதல் உருண்டை உடைந்த இடத்திலேயே மூன்றாவது உருண்டை பட்டால் தோல் கிழியும் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும். நஞ்சப்பன் அண்ணன் கேட்டருகே நின்று, “அளவா இருங்கப்பா, அளவா” என்றார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மொத்தம் நாற்பத்தாறு. டாக்டர் எழுதியிருப்பது நாற்பத்தொரு காயம். ஐந்து சுவரில் போயிருக்கும்.

ஒன்பதில் புது வளையம் போட்டிருந்தேன், அது நிற்கவில்லை. பதினொன்றில் பழையது. நிதிஷ் கையில் இருந்தது அது. இருபத்தொன்றில் நின்றது. கையை விலக்கிப் பார்த்தேன். கூட வந்தவன், “உட்ரா மாப்ள, போதும்” என்றான். நிதிஷ் என் முகத்தைப் பார்த்தான். நான் எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று. என்னைப் பார்த்துக்கொண்டேதான் கைப்பிடியை இழுத்தான். அந்த ஒன்று தாடையில் பட்டது. பிறகு பாட்டிலைக் கழற்றி, கையைத் தரையில் மிதித்துக்கொண்டு விரல் மேல் இரண்டு முறை இறக்கினான். “இனி பிரிச்சுப் பிரிச்சு மாட்ட வேண்டாமுங்க. ரெஸ்ட் எடுங்க” என்றான்.

புகார் கொடுத்திருக்கிறேன். ரசீது இருக்கிறது. இன்று மாலை வரை யாரையும் பிடிக்கவில்லை.

நீ கேட்டாயே, ஒரு முறையாவது ஆசைப்பட்டாயா என்று. முப்பது முறையும் ஆசைப்பட்டேன்.

26-ம் தேதி நீ சொன்னதையே சொல்கிறேன். தானாக வெடித்தது. கோளாறான துப்பாக்கி. ஒன்பதாம் எண்ணில் நான் பார்த்த எதையும் சொல்லப்போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு சுட்ட கை. அதைத் தர மாட்டேன். கண் போனது எண்ணெயால் என்று அந்த வீட்டார் ஆயுசுக்கும் வாசித்துக்கொண்டிருக்கட்டும்.

முனீஸ்


பந்தல்குடி
23 மார்ச், ஞாயிறு

என் தம்பி முனீசுக்கு,

நாளைக் காலை விரைவுத் தபாலில் போடுகிறேன். புதனுக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும். உன் கடிதத்தைச் சித்தியிடம் படித்துக் காட்டவில்லை. கொல்லையில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். உனக்கு மஞ்சள் பூசி ஒத்தடம் கொடுக்கக்கூட இங்கிருந்து முடியாது.

தானாக வெடிக்கவில்லை. அப்படிச் சொல்லாதே.

கை செய்தது என்று போன கடிதத்தில் எழுதினேன். அதுவும் பொய். கை அப்படிப் பழகியது உண்மை, விரலில் ஊசி முறிந்த கதை உண்மை. அன்று நடந்தது அது இல்லை.

வேல்குமார் வாயிலிருந்து ஒரு நாளும் கெட்ட வார்த்தை வந்ததில்லை. நம் ஊரில் கோபம் வந்தால் வாடி போடி என்பார்கள், திட்டுவார்கள், முடிந்துபோகும். இவன் ‘ங்க’ போடாமல் பேசியதே இல்லை. அந்தத் துணிக்கட்டை எறிந்தபோதும் “புடிச்சுக்கோங்க அக்கா” என்றுதான் எறிந்தான். ஹெச்.ஆர். ரூமில் அதைச் சொன்னபோது, “மரியாதையாத்தானே பேசிருக்காரு” என்றார்கள்.

லைனில் யார் மிஷின் நின்றாலும் அந்தக் கடைசியிலிருந்து கத்துவான்: “என்னுங்க அக்கா, நூலு அந்துபோச்சுங்களா?” வேர்வை துடைக்க நிறுத்தினாலும், ஒன்றுக்குப் போக எழுந்தாலும் அதேதான். ஹால் முழுக்கச் சிரிக்கும். சிரிக்காதவள் மிஷினுக்கு அடுத்து வருவான் என்று எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். ஆறு வருடம். அம்மா செத்த அன்று சித்தி போன் செய்தாள் அல்லவா? நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டேன். என் மிஷின் நின்றது. அன்றும் கத்தினான். அவனுக்கு விஷயம் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹால் சிரித்தது.

பதினெட்டு வரை நான் விளையாடினேன். கொஞ்சம் மிஞ்சிய விளையாட்டு, இருந்தாலும் விளையாட்டு. துப்பாக்கி நின்றது. எனக்கு மூச்சு வாங்கியது. போதும் என்றுதான் இருந்தது. உன் எண்ணெய்தான் என்னை நிறுத்தியது என்றால் அது எனக்கு நல்லதைத்தான் செய்தது. துப்பாக்கியைத் தாழ்த்தினேன். அவன் முகமூடியை நெற்றிக்குத் தூக்கினான். கழுத்தெல்லாம் சாயம். சிரித்தான். “என்னுங்க அக்கா, நூலு அந்துபோச்சுங்களா?” என்றான்.

கைப்பிடியை இழுத்தேன். தெரிந்து இழுத்தேன். ‘டக்’ என்ற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் வாயைக் குறிவைத்தேன். கண்ணில் பட்டது.

குறி தவறியது மட்டும்தான் அதில் விபத்து.

அவன் கண்ணுக்காக வருந்துகிறாயா என்று நீ கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம். சில காலையில் ஆமாம். சில காலையில் இல்லை. அவன் மனைவிக்காக எல்லாக் காலையிலும்.

நீ பொய் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நான் கேட்டபோது யோசிக்கவில்லை, நீ தர வந்த பிறகுதான் யோசித்தேன். உன்னைப் பிடிப்பார்கள். நான் செய்ததை உன் எண்ணெய் செய்ததாக எழுதுவார்கள். அதோடு அந்த வார்த்தையும் இல்லாமல் போகும். கோளாறான துப்பாக்கி வெடித்தது என்றால், அதற்கு முன் யார் என்ன சொன்னால் யாருக்கு என்ன? அவன் ஒன்றும் சொல்லாத நல்ல மனிதனாக நிற்பான், நான் ஒன்றும் செய்யாத அப்பாவியாக நிற்பேன். இரண்டும் எனக்கு வேண்டாம். நிதிஷ் உன்னைப் பார்த்துக்கொண்டே இழுத்தான் என்று எழுதினாய். நானும் பார்த்துக்கொண்டேதான் இழுத்தேன். அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

பார்த்ததைச் சொல். முப்பது தடவை முயன்று பார்த்ததையும் சொல்.

சாப்பிடு. இடது கையால் சாப்பிட வெட்கப்படாதே.

உன் அக்கா
அபிராமி


அவிநாசிபாளையம்
27 மார்ச், வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று 11.40 முதல் 1.05 வரை வாக்குமூலம் கொடுத்தேன். உன் கடிதம் அன்று காலை எட்டரைக்கு வந்தது. அது வராதிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன் என்பதை உனக்கு மறைக்க வேண்டியதில்லை.

நீடில் ஆயிலைச் சொன்னேன், உப்பிய வளையத்தையும் மேசையில் வைத்தேன். பின்கைப்பிடியை ஒருவர் இழுக்காமல் அந்தப் பத்தொன்பதாவது உருண்டை போயிருக்க முடியாது என்று சொன்னேன். முப்பது முயற்சிகளையும், ஆறடியில் விழுந்த இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். உதவி ஆய்வாளர் அம்மா பேனாவை வைத்துவிட்டு, “சொந்த அக்காதானுங்களே?” என்று கேட்டார். ஆமாங்க என்றேன். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் தலையைத் தூக்கவே இல்லை.

வேல்குமார் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். யார் சொல்லிக் கேட்டீர்கள் என்றார் அந்த அம்மா. பதில் சொல்லவில்லை. சொன்னால் உன் ஜாமீன் போய்விடும். “கேள்விப்பட்டதை நான் எழுத முடியாதுங்க தம்பி. அவரு வாயால வரோணும், இல்லாட்டிப் பக்கத்துல நின்னவங்க சொல்லோணும்” என்றார். பக்கத்தில் யாரும் இல்லை. மருதாள் அக்காவின் வீடியோவை மூன்று பேராக உட்கார்ந்து பதினான்கு முறை ஓட்டினோம். அந்த நான்கில் மூன்றாவது வினாடியில், டயர் சுவருக்கு மேலே தெரியும் முகத்தில் அவர் வாய் அசைகிறது. குரல் இல்லை. உங்கள் லைன் பெண்கள் கத்துகிற சத்தம்தான் இருக்கிறது. மருதாள் அக்காவைக் கேட்டேன். “அவரு தினமும் சொல்றதுதான, அன்னைக்கும் அதத்தான் சொல்லிருப்பாருங்க. ஆனா நாங் கேக்கலீங்க. கேட்டேன்னு சத்தியம் பண்ணமாட்டேன்” என்றார்.

அம்மா செத்த அன்று ஊருக்குப் போன பஸ்ஸில் ஆறு மணி நேரம் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ அதைச் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பராமரிப்பில் கவனக்குறைவு என்று என்னை இரண்டாவது குற்றவாளியாகச் சேர்க்கிறார்கள். இதை எழுத்தில் இன்னும் தரவில்லை. நேற்றே வாயால் சொன்னார்கள். நஞ்சப்பன் அண்ணன் இனி வரவேண்டாம் என்று ஆள் அனுப்பினார். நிதிஷைச் செவ்வாய்க்கிழமை பிடித்துவிட்டார்கள். மற்ற இருவரைத் தேடுவதாகச் சொல்கிறார்கள். விரல்களைப் பற்றி மூன்று வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

இனி வர வேண்டியவை: ஏழாம் எண் பற்றிய ஆய்வுக்கூட அறிக்கை ஏப்ரல் 11-க்குள். அதற்கு முன்பாக, வேல்குமார் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் தருகிறார். இதுவரை அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவரிடம் கேட்பதற்காக, ‘துப்பாக்கி நின்றபோது நீங்கள் ஏதாவது பேசினீர்களா’ என்ற கேள்வியை உன் வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்பார்களா என்பது தெரியாது. கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பதும் தெரியாது. அவர் வாக்குமூலம் ஏப்ரல் 8, செவ்வாய், காலை பதினொரு மணி.

முனீஸ்